நவம்பர் மாதத்தில் கூடியவர்கள்

நவம்பர் மாதக் கணக்கை மூன்றாவது தடவை கூட்டியபோதும் அதே எண்தான் வந்தது. ஏஞ்சலின் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாளை முறைத்தாள். பழனி ரோட்டில் வாடகைக் கட்டடத்தில் இயங்கிய அந்த வேலைவாய்ப்புக் கிளை அலுவலகத்தில் பதினோரு வருஷமாகப் புள்ளிவிவர மேஜை அவளுடையது. கூட்டல் கழித்தலில் அவளை அசைக்க அங்கே ஆள் கிடையாது. மற்றவர்கள் கால்குலேட்டரைத் தட்டி முடிப்பதற்குள் விடையை எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் காலை பத்தரை மணியிலிருந்து ஒரே தாளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்றால் கோளாறு அவளிடம் இல்லை, எண்ணில்தான் இருக்க வேண்டும்.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வேலை வேண்டுமென்று பதிந்து வைத்திருப்பவர்களின் போன மாத இருப்பு. அதோடு இந்த மாதம் பதிந்தவர்களைக் கூட்ட வேண்டும். வேலை கிடைத்துப் போனவர்களையும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து புதுப்பிக்க வேண்டிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவர்களையும் கழிக்க வேண்டும். மிச்சம் இந்த மாத இருப்பு. அவ்வளவுதான். 2009 மார்ச்சிலிருந்து இந்த இருப்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஜூன், ஜூலையில் மட்டும் மார்க் ஷீட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசல் வரைக்கும் வரிசை கட்டும், அப்போது ஏறும். அது வருஷாவருஷம் வருகிற திருவிழாக் கூட்டம், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நவம்பரில் ஏது மார்க் ஷீட்? மழையும் சளியும்தான் உண்டு. ஆனாலும் இருப்பு அறுநூற்று நாற்பத்தேழு ஏறியிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு அலுவலர் அப்துல் கையூமின் அறைக்குப் போனாள். கையூம் நல்ல மனிதர். பேகம்பூரிலிருந்து டிவிஎஸ் ஐம்பதில் வருவார், எவரிடமும் குரலை உயர்த்த மாட்டார். பயம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். அன்று மதியம் மூன்று மணிக்கு அவருக்குக் கலெக்டர் ஆபீஸில் மாதாந்திர ஆய்வுக் கூட்டம் இருந்தது. எண்ணைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா ஏஞ்சலின், காலங்காத்தால குண்டத் தூக்கிப் போடுறீங்க?"

"மூணு வாட்டி கூட்டிட்டேன் சார்."

"போன மாசம்தானம்மா கலெக்டர் முன்னாடி நெஞ்ச நிமித்திச் சொன்னேன். மாசா மாசம் எறங்குது சார், தொழில் மந்தமெல்லாம் தெளிஞ்சு வருது, ஆளுகளுக்கு அங்கங்க வேலை கெடைச்சிருச்சுன்னு. இப்பப் போயி அறுநூறு ஏறிப்போச்சுன்னா என்னைய என்ன நினைப்பாரு?" தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "ரெண்டு மணிக்குள்ள ஒரு காரணம் எழுதிக் குடுங்கம்மா. உருப்படியான காரணமா இருக்கட்டும்."

ஏஞ்சலின் தாளோடு தன் நாற்காலிக்குத் திரும்பினாள். ஏறியதற்குக் காரணம் அவளுக்குத் தெரியாது. இறங்கியதற்குத் தெரியும். எட்டு மாதமாகத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தாள், அதுதான் அவளை அரித்தது.

அவள் வீட்டுக்காரர் ஆண்டனிராஜ் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினான்கு வருஷம் எந்திரம் பார்த்தவர். கரண்ட் பாதி நாள் வராமல் போய், நூல் குடோனில் தேங்கி, முதலில் மூன்றாவது ஷிப்ட்டை நிறுத்தினார்கள். போன வருஷம் நவம்பரில் இரண்டாவதையும் நிறுத்தினார்கள், அதோடு இவரும் வீட்டுக்கு வந்தார். முதல் மூன்று மாதம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகாத மில் இல்லை, கேட்காத ஆள் இல்லை. பிறகு ஒரு நாள் சைக்கிளைச் சுவரோடு சாத்தினார். சாத்தியதுதான், டயரில் காற்று இறங்கித் தரையோடு ஒட்டியும் தொடவில்லை. தாடி வளர்ந்தது. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் "இருக்கு" என்பார், போட மறந்த அன்றைக்கும் அதே "இருக்கு"தான். ஏஞ்சலினுக்கு வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாமலா போய்விடும்? மனுஷன் இப்படிச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டதுதான் அவளைக் கொன்றது. அதைச் சொல்லி யாரிடம் அழ முடியும்?

அவருடைய வேலைவாய்ப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் பிப்ரவரி. 1991இல் பத்தொன்பது வயதில் பதிந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்துப் பதினெட்டு வருஷப் பதிவு மூப்பு சேர்ந்திருந்தது. பாரத்தை அவளே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூர்த்தி செய்து நீட்டினாள். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேண்டியது.

"அந்த அட்டைய வச்சு நான் என்னடி பண்ணப் போறேன்? போக எடமில்லாதவனுக்கு எதுக்கு வழிச்செலவு?" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தாமதமாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சலுகை நாளும் தாண்டியது. மே மாதம், காலாவதியான அட்டைகளை மரப்பெட்டியிலிருந்து உருவி எடுக்கிற வேலை வழக்கம்போல அவளிடம் வந்தது. கம்ப்யூட்டர் வந்து வருஷமாகியும் அந்தக் கிளையில் அட்டைகள்தான் ஆட்சி செய்தன. ஃபிட்டர் பெட்டியில், 2216/1991 என்ற எண்ணுக்கு வந்தபோது அவள் கை நின்றது. யாரும் பார்க்கவில்லை, விட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். பதினோரு வருஷப் பழக்கம் விடவில்லை. கட்டிய புருஷனின் அட்டையைத் தானே உருவி, சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, கட்டோடு கட்டாக வைத்துச் சணலால் முடிந்தாள். அந்த மாதம் இருப்பு நானூற்றுச் சொச்சம் குறைந்தது. கையூம் சந்தோஷத்தில் ஆபீஸ் முழுக்கச் சமோசா வாங்கிக் கொடுத்தார். ஏஞ்சலின் தன் சமோசாவைப் பல் வலி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பதினொன்றரை மணிக்கு முன்பக்கத்துப் பதிவு ஜன்னலில் சத்தம் கேட்டது. ஜன்னலில் இருப்பவன் கருப்பணன், சின்னாளப்பட்டிக்காரன், வாய் ஓயாதவன். ஆனால் அன்று அவனைவிடப் பெரிய வாய் ஒன்று எதிரே நின்றது.

"முப்பத்தாறு வயசுக்கு மேல பதியக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலய்யா இருக்கு? காட்டுய்யா பாப்போம்!"

"ஏம்மா, கூடாதுன்னா சொன்னேன்? இப்ப எதுக்குன்னுதானம்மா கேட்டேன்."

ஏஞ்சலின் எழுந்து போனாள். ஆத்தூரிலிருந்து வந்திருந்தாள் அந்த அம்மாள், பேர் பேச்சாயி. பத்தாவது பாஸ், மில்லில் நூல் சுற்றுகிற பகுதியில் எட்டு வருஷம் இருந்தவள். அட்டை காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது.

"கேட்டதுல தப்பில்ல. நானும் அதத்தான் கேக்குறேன்," என்றாள் ஏஞ்சலின். "ஏப்ரல்ல வந்திருந்தா மூப்பு போயிருக்காதே. அப்ப வராம இப்ப ஏன் வந்தீக?"

பேச்சாயிக்கு ஒரு பெண்பிள்ளை தணிந்து கேட்டதும் சுருதி இறங்கிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எங்கிட்டு மேடம் வர? அடுப்ப மூட்டவே சடவா இருந்துச்சு. இந்தச் சனியனுக்குப் பஸ் ஏறி வரணுமான்னு கெடந்தேன். இப்ப மில்லுல மறுபடி ரெண்டாவது ஷிப்ட்டு ஓட்டப் போறாகளாம், வாசக் கேட்டுல பேரு எழுதுறாகன்னு சொன்னாக. போயி எழுதிட்டு வந்தேன். குடுப்பானோ மாட்டானோ, அது அவன் பாடு. ஆனா ஒரு எடத்துல போயிக் கேட்டுட்டமா, பெறகு சும்மா உக்கார முடியல மேடம். அங்கிட்டும் கேட்டுப் பாப்போம், இங்கிட்டும் கேட்டுப் பாப்போம்னு காலு நிக்க மாட்டேங்குது."

ஏஞ்சலின் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கருப்பணனிடம், "இவுகளுக்கு மொதல்ல பதிஞ்சு குடுய்யா," என்று சொல்லிவிட்டு, நவம்பர் மாத விண்ணப்பக் கட்டு நாலையும் தூக்கிக்கொண்டு தன் மேஜைக்கு வந்தாள்.

எண்ணிக்கையைத்தான் இதுவரைக்கும் பார்த்திருந்தாள், தாள்களைப் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வழக்கமாகப் புதுப்பதிவு என்றால் பதினாறு வயது, பதினெட்டு வயது, போட்டோவில் மீசை முளைக்காத முகங்கள். இந்தக் கட்டில் முப்பத்தொன்று, நாற்பது, முப்பத்தைந்து. எலெக்ட்ரீஷியன், டிரைவர், டைப்பிஸ்ட். தோல் பதனிடும் ஷாப்பில் இருந்தவர்கள். நத்தத்திலிருந்து ஒருவர், மாம்பழக் கூழ் கம்பெனியில் பாய்லர் பார்த்தவர். முன்பு பதிந்திருந்தால் அந்த எண்ணை எழுதவும் என்ற கட்டத்தில் பாதிப் பேர் பழைய எண்ணை எழுதியிருந்தார்கள். அவள் ஒரு துண்டுத்தாளில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தாள். இவர்களில் பலரை அவளுக்குத் தெரியும். ஆளைத் தெரியாது, அட்டையைத் தெரியும். இதே கையால் உருவி எடுத்த அட்டைகள். போனவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அடுத்த கட்டை அவிழ்த்தாள்.

இரண்டாவது கட்டில் பாதிக்கு மேலே, நவம்பர் பன்னிரண்டாம் தேதித் தாள்களில், வலது பக்கம் சாய்ந்த கையெழுத்து ஒன்று வந்தது. முதலில் எழுத்துதான் கண்ணில் பட்டது. பேர் பிறகுதான் பட்டது. ஆ. ஆண்டனிராஜ். வயது முப்பத்தேழு. ஃபிட்டர். மேட்டுப்பட்டி. முன்பு பதிந்த எண் என்ற கட்டத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், 2216/1991.

ஏஞ்சலின் அந்தத் தாளின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள், யாரோ பிடுங்க வருவதுபோல. மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது. பன்னிரண்டாம் தேதி அவள் லீவு. நத்தத்தில் சித்தி மகளுக்குக் கல்யாணம். வயிற்று வலி என்று சொல்லி இந்த மனுஷன் வரவில்லை. இப்ப எங்க வேலை பாக்குறீக என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயத்தில்தான் ஒளிகிறார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பந்தியில் வைத்த பிரியாணியைக்கூட ருசித்துத் தின்னாமல் அவரைத் திட்டிக்கொண்டே தின்றாள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது வழக்கம்போலப் பாயில் படுத்திருந்தார். ஆனால் அலமாரி மேல் இருந்த சர்டிபிகேட் பைலில் தூசி இல்லை. அட, நாம் எப்போது துடைத்தோம் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, விட்டுவிட்டாள்.

நேரே பதிவு ஜன்னலுக்குப் போனாள். தாளைக் கருப்பணனின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"ஏன்யா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

கருப்பணன் நாற்காலியோடு பின்னால் போனான். "அக்கா, அண்ணன் சத்தியம் வாங்கிட்டாருக்கா. நீங்க லீவான்னு கேட்டுட்டுத்தான் படி ஏறுனாரு. ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னாருக்கா. முன்னால வாங்கண்ணேன்னு கூப்டேன். வேணாம்யா, நிக்கிறேன், நின்னு ரொம்ப நாளாச்சுன்னாரு."

"சாப்டாரா?"

"டீ வாங்கிக் குடுத்தேன்க்கா. சவரமெல்லாம் பண்ணிட்டு டக்கரா வந்தாருக்கா."

அவள் மறுநாள் சவரம் செய்த முகத்தைப் பார்த்திருந்தாள். கிறிஸ்மஸ் வருதுல்ல என்று தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். கணக்கில் புலி என்று பேர். வீட்டுக்குள் நடந்த கூட்டலைக் கவனிக்கவில்லை. கழிவறைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் ஒரு ஐந்து நிமிஷம் நன்றாக அழுதாள். பதின்மூன்று மாதத்து அழுகை. அழுது முடித்ததும் பசித்தது.

மிச்சக் கட்டுகளுக்கும் கோடு போட்டு முடித்துக் கையூமின் அறைக்குள் அவள் போனபோது மணி ஒன்றரை. துண்டுத்தாளை மேஜையில் வைத்தாள்.

"சார், ஏறுனது நல்ல செய்திதான்."

"அப்ப எறங்குனது?"

"அது நல்ல செய்தியில்ல சார். எனக்கு அப்பவே தெரியும், நான்தான் சொல்லல. மார்ச்சுலருந்து நம்ம மூலமா வேலைக்குப் போனது முப்பத்தொரு பேரு. இருப்புல கொறைஞ்சது ரெண்டாயிரத்துக்கு மேல. மிச்சப் பேரு எங்க சார் போனாக?"

"தனியார்ல..."

"மில்லெல்லாம் பூட்டிக் கெடக்கையில எந்தத் தனியாரு? அம்புட்டுப் பேரும் வெறுத்துப்போயி அட்டையப் புதுப்பிக்காம விட்டவுக. அதத்தான் நம்ம வேலை கெடைச்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டோம். இப்ப மில்லு கேட்டுல பேரு எழுதவும், விட்டவுகல்லாம் திரும்பி வாராக. இந்தா பாருங்க, முப்பது வயசுக்கு மேல எரநூத்தி எண்பத்தாறு பேரு. இவுகளுக்கு இன்னும் வேலை கெடைக்கல சார். ஆனா கேக்க வந்துட்டாக. கேக்குறதுக்கே ஒரு தெம்பு வேணும்ல?"

கையூம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்க நல்லாத்தாம்மா இருக்கு. கலெக்டர் எப்படிய்யா தெரியும்னு கேட்டா? உங்க ஆபீஸ்ல ஒரு அம்மா சொன்னாகன்னா சொல்ல முடியும்?"

அவள் மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். கையூம் பேரைப் படித்தார். விலாசத்தைப் படித்தார். மறுபடி பேரைப் படித்தார். ஆண்டனிராஜை அவருக்குத் தெரியும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வீட்டு மோட்டாரை வந்து சரி செய்து, காசு வாங்காமல் போனவர்.

"மே மாசம் இவரு அட்டைய நான்தான் சார் உருவுனேன். நீங்க சமோசா வாங்கிக் குடுத்தீங்கள்ல, அந்த மாசம்."

கையூம் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அல்லா! அந்தச் சமோசாவ நெனச்சா எனக்கே கூசுதும்மா," என்றார். பிறகு தாளை அவளிடமே கொடுத்தார். "இத நீங்களே வச்சுக்கங்க. தொகைய மட்டும் எழுதிக் குடுங்க. மத்தத நான் சொல்லிக்கிறேன்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு டிவிஎஸ் ஐம்பது வாசலில் நிற்பதற்கு முன்பே அவர் குரல் உள்ளே வந்துவிட்டது. "வையலம்மா! வையவே இல்ல!" ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல நின்றார். "முதல்ல முறைச்சாரு. போன மாசம் வேற சொன்னீங்களேன்னாரு. போன மாசம் நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் சார்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேம்மா! பெறகு, முப்பதுக்கு மேல எத்தனை பேருன்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டாரு. அடுத்த மாசம் என்ன ஆகும்னு கேட்டாரு, ஏறும்னேன். ஏறும்லம்மா?"

"ஏறும் சார்."

"அதுக்கு அடுத்த மாசம்?"

"தெரியாது சார். எறங்குச்சுன்னா எதுக்கு எறங்குச்சுன்னு மொதல்ல பெட்டியத் தொறந்து பாப்போம்."

எல்லாரும் கிளம்பிய பிறகு ஏஞ்சலின் ஃபிட்டர் பெட்டியை இழுத்தாள். ஆண்டனிராஜின் புது அட்டை கடைசிக் கட்டில் இருந்தது, ஒட்டன்சத்திரத்துப் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனுக்குப் பின்னால். பதினெட்டு வருஷ மூப்பு போனது போனதுதான். வயிறு எரியத்தான் செய்தது. இருந்தாலும் அட்டையின் மூலை மடங்காமல் நிமிர்த்திவிட்டுப் பெட்டியைத் தள்ளினாள். வழியெல்லாம், வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட வேண்டும், சட்டையைப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். மேட்டுப்பட்டி முனை திரும்பும்போது வேண்டாம் என்று முடிவு செய்தாள். அவளுக்குத் தெரியாமல் செய்ய நினைத்திருக்கிறார், அவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும். எங்கே அது ஊருக்குத் தெரிந்து, வேலை கிடைக்காமலும் போய், மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டால்?

வாசலில் சைக்கிள் நின்றது. இரண்டு டயரிலும் காற்று அடித்திருந்தது. அதை அவள் பார்க்காத மாதிரிதான் தாண்டி உள்ளே போனாள்.

ஆண்டனிராஜ் கூடத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவள் கைகால் கழுவி, உலை வைத்து, அரிசி களைய ஆரம்பித்த பிறகு அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றார்.

"நாளைக்கு எனக்கும் சேத்துச் சோத்தக் கட்டிரு. வரச் சாயங்காலம் ஆகும்."

எங்கே என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஏஞ்சலின் அரிசித் தண்ணீரை நிதானமாக இறுத்தாள்.

"வெஞ்சனம் என்ன வைக்க?"

"எதுன்னாலும்." இரண்டு அடி போனவர் திரும்பி வந்தார். "கத்திரிக்கா வேணாம். முந்தாநேத்து வச்சியே, உப்பே இல்ல. உருளக்கெழங்கு வையி, கொஞ்சம் மொறுமொறுன்னு."

"சரி," என்றாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பரணைப் பார்த்தாள்.

பழைய டிபன் கேரியர் பரணில் இருந்தது. கரண்ட் போகும் நேரத்துக்கென்று அதற்குள் மெழுகுவத்தித் துண்டும் தீப்பெட்டியும் போட்டு வைத்திருந்தாள். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் கொட்டிவிட்டு, புளி போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். அடுக்குகள் பளபளவென்று வந்தன. மேல் கொக்கி மட்டும் துருப் பிடித்து இறுகிப்போயிருந்தது. அவள் இழுத்துப் பார்த்தாள், கட்டை விரலால் நெம்பிப் பார்த்தாள், அசையவில்லை.

"கொண்டா இங்க. ஒடைச்சிராத," என்று கேரியரை வாங்கிக்கொண்டு ஆண்டனிராஜ் விளக்குக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தையல் மிஷின் எண்ணெயைத் தேடி எடுத்து, கொக்கியின் இடுக்கில் ஒரு சொட்டு விட்டார். ஊதினார். இன்னொரு சொட்டு விட்டார். ஆள்காட்டி விரலால் மெல்ல அசைத்து, காதைக் கிட்டே கொண்டுபோய் வைத்துக் கேட்டார். ஏஞ்சலின் உருளைக்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கொக்கி டக்கென்று திறந்தது. அவர் அதை மூடினார். மறுபடி திறந்தார். சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும், மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டே இருந்தார்.